அம்மா விசில் ஊதிய குளிர்காலம்

ஐம்பதைத் தாண்டிவிட்ட நாங்கள் இப்போது சந்தித்தால் முழங்கால் வலி, பிள்ளைகளின் கல்யாணம், யாருக்கு எந்த மருந்து ஒத்துவருகிறது என்றுதான் பேசிக்கொள்கிறோம். இந்த லண்டனில் நாங்கள் படித்த சின்னப் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், மதியச் சாப்பாட்டில் அவித்த முட்டைக்கோவா மணத்ததையும் தண்ணீராய் ஓடிய கஸ்டட்டையும் சொல்லிச் சிரித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். அதற்குமேல் கிளறினால் ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒன்று கையில் தட்டுப்படும் என்று நினைக்கிறேன். எனக்குத் தட்டுப்படுவது ஒரு குளிர்காலம். அந்தக் குளிர்காலத்தில் என் அம்மா பள்ளிக்கூட முற்றத்தில் விசில் ஊதினார்.

இன்றைக்குப் பள்ளிகளில் விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கச் சம்பளத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒருவரும் இல்லை. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊர்ப்பக்கத்தில், மாதா கோயிலின் முதுகோடு ஒட்டிக்கொண்டு நின்ற சிறிய கத்தோலிக்கப் பள்ளிக்கூடம் அது. தலைமை ஆசிரியை ஒரு கன்னியாஸ்திரி. பையன்களின் காற்பந்தை ஓர் ஐரிஷ் மாணவனின் அப்பா பார்த்துக்கொண்டார். கோயிலின் பழைய வானை ஓட்டியதும் அவர்தான். பெண்பிள்ளைகளின் வலைப்பந்தை நடத்திய ரீச்சர் பிள்ளைப்பேற்றுக்கு விடுப்பில் போனதும் அது தாய்மாரின் தலையில் விழுந்தது. ஒரு தாய், விளையாடும்போது நாங்கள் மார்பில் போட்டுக்கொள்ளும் எழுத்துப் போட்ட துணிகளைத் தோய்த்து மடித்துக் கொண்டுவருவார். இன்னொரு தாய் தோடம்பழம் வெட்டிக் கொண்டுவருவார். ஆரஞ்சை எங்கள் வீட்டில் தோடம்பழம் என்றுதான் சொல்வோம். ஆகவே அவரை நான் மனதுக்குள் தோடம்பழ அன்ரி என்று வைத்திருந்தேன். கரீபியன் தீவொன்றிலிருந்து வந்த கறுப்பினத்தவர். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. வேறு ஒருவரும் முன்வராதபடியால் விசிலும் அவர் கழுத்தில்தான் தொங்கியது. அவருடைய மகள் என் வகுப்பு. அதிகம் பேசாத நெட்டைப் பிள்ளை.

அன்ரிக்கு வலைப்பந்து தெரியாது. அவரே அதைச் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். நாங்கள் பந்தைத் துரத்துவோம், அவர் எங்களைத் துரத்துவார், யாராவது விழுந்தால் விசில் ஊதி பிளாஸ்டர் ஒட்டுவார். ஒருநாள் என்னைக் கூட்டிப்போக வந்த அம்மா கம்பி வேலிக்கு வெளியே நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் லீக்ஸ் தலைநீட்டிய சாமான் பை. சேலைக்கு மேலே அப்பாவின் பழுப்புக் கோட்டு. காலில் அப்பாவின் காலுறையும் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தும்.

"உது நெற்போல்தானே?" என்று வேலிக்கூடாக என்னைக் கேட்டார்.

நான் காதில் விழாததுபோல நின்றேன்.

அடுத்த நிமிடம் அம்மா வாயிலைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார். பையைக் கம்பத்தடியில் வைத்தார். அன்ரியின் முன்னால் இரண்டு கையையும் நீட்டினார். அன்ரி சிரித்துக்கொண்டு பந்தைக் கொடுத்தார். அம்மா தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் விளிம்பில் போய் நின்று, முழங்காலை மெல்ல மடக்கி நிமிர்ந்தார். பந்து வளையத்தில் முட்டாமல் உள்ளே விழுந்தது. பிள்ளைகள் கூவினார்கள். இன்னொருமுறை, இன்னொருமுறை என்று குதித்தார்கள். இன்னொருமுறையும் விழுந்தது.

"யாருடைய அம்மா இவர்?" என்று அன்ரி எங்களைப் பார்த்துக் கேட்டார்.

நான் கொஞ்சம் பொறுத்துத்தான் கையை உயர்த்தினேன். அப்பாவின் கோட்டுக்குக் கீழே சேலை ஒரு பக்கம் ஏறி உட்பாவாடையின் ஓரம் தெரிந்தது. எல்லோரும் பந்தைத்தான் பார்த்தார்கள் என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று நான் அந்த ஓரத்தை மட்டுமே பார்த்தேன்.

அம்மா யாழ்ப்பாணத்தில் மடத்துப் பள்ளிக்கூட அணியில் விளையாடியவர் என்ற கதையை அன்றுதான் நானும் முழுதாகக் கேட்டேன். அன்ரி விசிலைக் கழற்றி அம்மாவின் கழுத்தில் போட்டுவிட்டார். அது எந்தக் கூட்டத்திலும் தீர்மானித்த காரியமல்ல. தலைமைச் சிஸ்டர் ஜன்னலால் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான்.

செவ்வாயும் வியாழனும் பயிற்சி. நாலு மணிக்கே இருட்டிவிடும். மண்டபத்துக் கதவைத் திறந்துவைத்து அந்த வெளிச்சத்தில் விளையாடுவோம். தார்த்தரை பனியில் மினுங்கும். விழுந்தால் முழங்காலில் சின்னச் சின்னக் கற்கள் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வாயிலிருந்து புகை போகும். அன்ரியின் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்ததும் குளிருக்குள் தோடம்பழ மணம் குத்திக்கொண்டு வரும். அம்மாவின் இங்கிலீஷ் அப்போது பத்துப் பன்னிரண்டு சொல் இருக்கும். அதை வைத்துக்கொண்டே அவர் சத்தம் போடுவார். "பாஸ்! பாஸ்! நோ வோக்கிங்!" சொல் அகப்படாவிட்டால் தமிழ் வந்துவிடும். "ஓடு! ஓடு! என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" கொஞ்ச நாளில் அந்த ஐரிஷ் பிள்ளைகளும் ஆபிரிக்கப் பிள்ளைகளும் ஒன்றையொன்று பார்த்து "ஓடு! ஓடு!" என்று கத்தப் பழகிவிட்டார்கள். அவர்கள் விரும்பித்தான் கத்தினார்கள். எனக்கோ ஒவ்வொரு "ஓடு"வும் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

இடைவேளையில் அம்மாவும் அன்ரியும் கட்டம் போட்ட பிளாஸ்கிலிருந்து ஒரே மூடியில் தேநீர் மாறிமாறிக் குடிப்பார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அம்மா கையால் ஏதோ காட்டுவார், அன்ரி தொடையில் அடித்துச் சிரிப்பார். ஒருநாள் அன்ரி நீலநிற ட்ராக்சூட் காற்சட்டை ஒன்றைக் கொண்டுவந்து, குளிருக்குப் போடும்படி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை மறுநாளே போட்டார். சேலைக்குக் கீழே. சேலையை முழங்கால்மட்டும் தூக்கிச் செருகிக்கொண்டு, கீழே நீலக் காற்சட்டையும் கன்வஸ் சப்பாத்துமாக அவர் பஸ்சில் ஏறியபோது நான் மேல்தட்டுக்கு ஓடிவிட்டேன்.

"ஏன் பிள்ளை மேல போனனீ?" என்று இறங்கியதும் கேட்டார்.

"காத்துக்கு" என்றேன். பனிக்காலத்தில்.

அன்ரியின் மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தப் பிள்ளைக்குப் பந்து கையில் ஒட்டிக்கொள்ளும். அம்மா முதல் வாரத்திலேயே கண்டுகொண்டார். பயிற்சி முடிந்து எல்லோரும் போனபிறகும் அவளை வளையத்தின் கீழே நிறுத்திச் சொல்லிக்கொடுப்பார். தன் முழங்காலைத் தட்டிக் காட்டி, "ஹான்ட் நோ. நீ. நீ!" என்பார். கையால் எறியாதே, முழங்காலால் எழுந்து போடு என்று அர்த்தம். அந்தப் பிள்ளை ஒருமுறை கேட்டால் போதும். பந்து விழுந்ததும் அம்மா, "என்ர ராசாத்தி!" என்று அவள் முதுகில் தட்டுவார். நான் வேலியோரம் இரண்டு பேரின் பையையும் வைத்துக்கொண்டு குளிரில் நிற்பேன். அணியில் ஜி.எஸ். என்று எழுதிய துணியைப் போடுகிறவர்தான் அதிகமாகக் கோல் போடவேண்டியவர். அந்தத் துணி யாருக்கு என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. துணிக்கூடையை இறக்கியதும் அந்தப் பிள்ளை கையை நீட்டுவாள், அம்மா கொடுப்பார். நான் சில நாள் ஓரத்தில் ஓடுவேன், பல நாள் மாற்றாளாக உட்கார்ந்திருப்பேன். எனக்கு அதில் கவலையும் இல்லை. என் கைக்குப் பந்து ஒரு வழுக்குச் சாமான்.

பக்கத்துக் கத்தோலிக்கப் பள்ளிகளோடு விளையாடி நாங்கள் வெல்லத் தொடங்கினோம். அதற்கு முன்னர் அந்தப் பள்ளிக்கூடம் வலைப்பந்தில் வென்றதாக ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது முன்பு எங்களைக் கடந்துபோன தாய்மார் அம்மாவுக்குக் கை காட்டினார்கள். அம்மா நிமிர்ந்து நடந்தார். அப்பாவும் பார்த்தார்.

பெப்ரவரியில் எல்லாப் பள்ளிகளும் சேர்ந்து ஒரு போட்டி. அது நடக்கப்போவது கன்னியாஸ்திரிகள் நடத்திய பெரிய பெண்கள் பள்ளிக்கூடத்தில் என்று தெரிந்த அன்றுதான் எல்லாம் மாறியது. பதினொரு வயதில் நான் போய்ச் சேரவேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் செபமாலை சொல்லிக் கேட்ட பள்ளிக்கூடம் அது. அடுத்த மாதம் அங்கே எனக்கு நேர்முகம் இருந்தது.

அப்பா பெற்றோல் ஸ்ரேஷனில் பகல் ஷிப்ட் முடித்து வந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"இஞ்சாரும், அங்க சிஸ்டர்மார் எல்லாரும் நிண்டு பாப்பினமாம். பிள்ளையை முன்னுக்கு விடும்."

"அவளுக்குப் பந்து போட வராது" என்றார் அம்மா. நான் மேசையில் இருந்தேன்.

"வராட்டிப் பழக்கும். விளையாட்டுப் பிள்ளையளைத்தான் அங்க எடுக்கினமாம்."

"அப்ப மற்றப் பிள்ளை? அவள்தான் கெட்டிக்காரி. அவளை எப்பிடி இருத்துறது?"

"அவையின்ர பிள்ளையளுக்கு ஓட்டமும் பாய்ச்சலும் பிறப்பிலேயே வரும். அவளுக்கு வேற எத்தினை இடம் கிடைக்கும். எங்கட பிள்ளைக்கு ஆர் தரப்போயினம்? நீர் தராட்டி ஆர் தருவினம்?"

அம்மா குழம்புச் சட்டியை மூடினார். 'அவையின்ர பிள்ளையள்' என்று அப்பா சொன்ன அந்தத் தொனியை நீங்களும் உங்கள் வீடுகளில் கேட்டிருப்பீர்கள். அந்த ஆண்டு எங்கள் வீட்டு ஜன்னலுக்குத் தெருப் பையன்கள் இரண்டுமுறை கல்லெறிந்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் எங்களோடு முதலில் தேநீர் பகிர்ந்தவர் அன்ரி. எங்கள் சாப்பாட்டு மேசையில் அவருடைய பிள்ளையைப் பற்றி இப்படிப் பேசினோம். பேசினோம் என்றுதான் சொல்லவேண்டும். நானும் அங்கே சோறு தின்றுகொண்டுதானே இருந்தேன்.

போட்டி நாள் சனிக்கிழமை. பெரிய பள்ளிக்கூடத்தின் ஆடுகளங்களைச் சுற்றிச் சிவப்புச் செங்கல் கட்டடம். மேல்மாடி ஜன்னல்களில் சாம்பல் நிற முக்காடுகள். அம்மா அன்று ட்ராக்சூட் போடவில்லை. கல்யாணத்துக்குக் கட்டும் கரும்பச்சைச் சேலையும் கோட்டும். துணிக்கூடையை இறக்கியதும் அந்தப் பிள்ளை வழக்கம்போல் கையை நீட்டினாள். அம்மா கூடையைக் கிளறி ஜி.எஸ். துணியை எடுத்தார். அந்த நீட்டிய கையைக் கடந்து வந்து என் தலைக்கு மேலால் அதை மாட்டினார். பக்கத்து நாடாக்களை இழுத்து இறுக்கிக் கட்டினார். இடுப்பு நொந்தது.

அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அவள் தவறு நடந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். பிறகு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

துணி தோய்க்கும் தாய் வான் ஓட்டும் ஐரிஷ் அப்பாவைப் பார்த்தார். அன்ரி டப்பாவின் மூடியைத் திறந்தார், மூடினார். முதல் ஆட்டத்தை நாங்கள் என் உதவியில்லாமல் எப்படியோ வென்றோம். இரண்டாவதையும் மற்றப் பிள்ளைகள் இழுத்துப்பிடித்து வென்றார்கள். அடுத்ததை வென்றால் வெற்றிக்கிண்ணம். அதில் பந்து திரும்பத் திரும்ப என்னிடம்தான் வந்தது. வளையத்துக்கு நேர் கீழே நின்று எறிவேன். பந்து கம்பியில் முட்டி வெளியே விழும். எங்கள் நடுவரிசைப் பிள்ளை ஒருத்தி மூச்சுவாங்க ஓடிப் பந்தைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு, நான் எறியமுன்னரே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இடைவேளையில் ஆட்களை மாற்றலாம். அன்ரி மகளின் கோட்டைக் கழற்றினார். அவள் வெறும் கையோடு அந்தக் காற்றில் அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள். அன்ரி கேட்டது அவ்வளவுதான். அம்மா குனிந்து என் சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினார். அது அவிழ்ந்திருக்கவே இல்லை. விசில் அடிக்கும்வரை கட்டிக்கொண்டே இருந்தார்.

மீண்டும் ஆட்டம் தொடங்கியதும் நான் விழுந்தேன். வேண்டுமென்றுதான் விழுந்தேன். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஆடுகளக் கோட்டுக்கு வெளியே அந்தப் பிள்ளை எழுந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. அம்மா ஓடிவந்து மண்டியிட்டார். பெருவிரலால் எலும்பைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"எந்தக் கால் நோகுது?"

"இது, அம்மா."

"மற்றக் காலையெல்லோ பிடிச்சுக்கொண்டு விழுந்தனீ. உனக்கு ஒண்டுமில்லை. எழும்பு."

தமிழில்தான் சொன்னார். ஆனால் ஒரு தாய் அந்தத் தொனியில் சொன்னால் எந்த மொழிக்காரருக்கும் விளங்கும். எதிரணிப் பிள்ளைகள் இரண்டு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நான் எழும்பினேன். நொண்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு அடி நொண்டிவிட்டு நிறுத்தினேன். அதற்குப் பிறகும் பந்து வந்தது. கடைசிப் பந்தும் என்னிடம்தான் வந்தது. அது கம்பியின் மேலே உட்கார்ந்து, ஒரு பக்கமும் விழ மனமில்லாததுபோல் ஆடிவிட்டு, வெளியே விழுந்தது. தோற்றோம்.

திரும்பும்போது வான் ஜன்னல்களில் நீராவி பிடித்திருந்தது. அம்மா முன் இருக்கையில் பந்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அன்ரி எழுந்து, ஆடும் வானுக்குள் கம்பியைப் பிடித்துப் பிடித்து எல்லோருக்கும் தோடம்பழத் துண்டு கொடுத்தார். எனக்கும் தந்தார். அம்மாவிடம் நீட்டியபோது அம்மா தெருவைப் பார்த்தபடியே "நோ, தாங்க்யூ" என்றார். நான் என் துண்டைத் தின்றேன். இனித்தது. அது இனித்ததுகூட எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த கிழமை தலைமைச் சிஸ்டர் அம்மாவை வரச்சொன்னார். நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். எங்கள் வயதுக்காரர் எல்லோரும் அந்த வேலையைச் செய்தவர்கள்தானே. சிஸ்டர் பேசியதில் ஒரு கடுமையான சொல் இல்லை. பிள்ளைகள் உங்களுக்கு மிகவும் நன்றியாக இருக்கிறார்கள். ஈஸ்டருக்குப் பிறகு ரீச்சர் திரும்பி வருகிறார். அதுவரை மற்றப் பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் களைத்துப்போயிருப்பீர்கள், ஓய்வெடுங்கள். அப்படியே சொன்னேன்.

"நோ, சிஸ்டர், நொட் டயர்ட்!" என்று அம்மா சிரித்தார். என்னைப் பார்த்து, "எனக்குக் களைப்பே இல்லையெண்டு சொல்லு பிள்ளை" என்றார்.

சொன்னேன். சிஸ்டர் புன்னகைத்து, மென்தாளில் சுற்றிய ஒன்றை அம்மாவின் கையில் வைத்தார். வெட்டுக் கண்ணாடியில் செய்த கிண்ணம். வெளிச்சத்தில் பிடித்தால் சுவரெல்லாம் வானவில் விழும். அம்மா அதை வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில், திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே வைத்தார். வந்துபோன எல்லோருக்கும் எடுத்துக் காட்டினார். "பள்ளிக்கூடத்தால தந்தவை. பிள்ளையளைப் பழக்கினதுக்கு." வந்தவர்கள் கையில் வாங்கிப் பார்த்து, "சும்மாவோ குடுப்பாங்கள்?" என்று மெச்சுவார்கள். நான் அந்த நேரத்தில் எப்போதும் குளியலறைக்குப் போய்விடுவேன். அந்தக் கிண்ணத்துக்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு அலுவலக வாசலிலேயே விளங்கிவிட்டது. துணி தோய்க்கும் தாயின் கழுத்தில் விசில் தொங்குவதையும் பார்த்திருந்தேன். அம்மாவுக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். அப்பாவோ இது நேர்முகத்துக்கு நல்ல சகுனம் என்றார்.

நேர்முகத்தில் ஒரு வயதான சிஸ்டர் என்னை ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொன்னார். எந்தப் புனிதரைப் பிடிக்கும் என்று கேட்டார். வீட்டில் பூனை இருக்கிறதா என்று கேட்டார். வலைப்பந்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. எனக்கு இடம் கிடைத்தது. வாசிப்புக்காக என்று எழுதியிருந்தார்கள்.

அந்தச் செய்தி வந்த கிழமையில்தான் தோடம்பழ அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன்னர் அவர் வந்ததில்லை. நாங்கள் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். வாசல்மணி அடித்ததும் அம்மா திரைச்சீலையை விலக்கிக் கீழே பார்த்துவிட்டுச் சட்டென்று பின்வாங்கினார்.

"நான் இல்லையெண்டு சொல்லு."

"அம்மா…"

"சொல்லு போ."

படியிறங்கிக் கதவைத் திறந்தேன். அன்ரி வேலை உடுப்போடு நின்றார். அவரில் சோப்பும் நீராவியும் மணத்தது. "அம்மா வீட்டில் இல்லை" என்று நான் சொல்லி முடிக்கவும் மேலே பிரஷர் குக்கர் நீளமாக ஒரு விசில் அடித்தது. யாரோ ஓடிப்போய் அடுப்பை அணைக்கும் காலடிச் சத்தமும் கேட்டது. அன்ரி என்னைப் பார்க்கவில்லை. படிகளின் மேலே பார்த்தார். பிறகு, மேலே கேட்கும்படி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"வந்தால் அம்மாவிடம் சொல்லு. அவரை நிறுத்தச்சொல்லி நான் கேட்கவில்லை. மற்றவர்கள் போய் முறைப்பாடு சொன்னார்கள். என்னையும் வரச்சொன்னார்கள், நான் போகவில்லை. என் மகளுக்கு அவர் செய்தது பிழை. ஆனால் என் மகளுக்கு அந்த விளையாட்டைத் தந்ததும் அவர்தான். ஒரு கிண்ணத்தைக் கொடுத்து அனுப்பியதும் பிழை. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்."

என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா மேல்படியில் நின்றார். "என்ன சொன்னவ?"

அவருக்குப் பாதி விளங்கியிருக்கும். நான் ஒன்றையும் விடாமல் சொன்னேன். அம்மா அந்தப் படியிலேயே இருந்துவிட்டார். கிண்ணத்தைப் பற்றிக் கேட்பார், அதை எத்தனை பேருக்குக் காட்டினோம் என்று அழுவார் என்று நான் பயந்துகொண்டு நின்றேன். அவர் கிண்ணத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"அந்தப் பிள்ளை கையை நீட்டினவள்" என்றார். "நான் பாத்தனான். பாத்துக்கொண்டுதான் உனக்குப் போட்டனான்."

நான் சுவரைச் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

"எனக்கு அவவின்ர முகத்தில முழிக்க ஏலாது, பிள்ளை."

அந்தக் குளிர்காலம் முழுவதும் வெட்கம் என்பது எனக்கு மட்டும் வரும் ஒரு வருத்தம் என்றும், அம்மாவுக்கு அது இல்லவே இல்லை என்றும் நான் நம்பியிருந்தேன். இல்லாவிட்டால் சேலைக்குக் கீழே காற்சட்டை போடுவாரா, முற்றத்தில் நின்று கத்துவாரா? அந்தப் படியில் முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தபோதுதான், வேறு விஷயங்களுக்கு வெட்கப்படுகிற ஆள் அவர் என்று தெரிந்தது. என் பயங்களெல்லாம் உட்பாவாடை ஓரத்தோடு நின்றுபோனவை.

இரவு சாப்பாட்டில், ஞாயிறு அன்று கோயிலில் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கப்போவதாக அப்பாவிடம் சொன்னார்.

"தாயிட்டக் கேளும். சின்னப்பிள்ளையிட்டப் போய் மன்னிப்போ? ஆக்கள் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும்" என்றார் அம்மா. "தாய்க்கோ நான் செய்தனான்?"

அப்பா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பினார். அந்த யோசனை தன்னுடையது என்று அவர் அன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாளும் சொல்லவில்லை.

உங்களைக் கேட்கிறேன். எங்கள் வீடுகளில் பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அந்த ஒருமுறைதான் பார்த்தேன். அதற்குப் பிறகு எல்லோரும் பிரிந்துபோனோம். அந்தப் பிள்ளை வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கே வலைப்பந்து இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. அம்மாவும் அன்ரியும் கோயிலில் கண்டால் நின்று பேசுவார்கள், முன்புபோலத் தொடையில் அடித்துச் சிரிக்கமாட்டார்கள். சில வருடங்களில் நாங்கள் செவன் கிங்ஸ் என்ற ஊர்ப்பக்கம் குடிபோனோம். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். இதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை.

அந்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கோப்பைகளின் சத்தம், ஈரக் கோட்டுகளின் மணம். அன்ரியும் மகளும் சுவரோரம் நின்றார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி நேராகப் போனார். அன்ரிக்கு முன்னால் நிற்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு முன்னால் நின்றார். நெட்டைப் பிள்ளை என்பதால் இருவருக்கும் கண் ஏறத்தாழ நேராக இருந்தது. துணி தோய்க்கும் தாயும் ஐரிஷ் அப்பாவும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஐ டூ ராங் டு யூ" என்றார் அம்மா. "யூ பெஸ்ட். ஐ நோ. ஐ நோ, பட் ஐ டூ. சொறி."

அந்தப் பிள்ளையின் கையில் பாதி கடித்த பிஸ்கட் இருந்தது. அவள் தன் தாயைப் பார்த்தாள். பரவாயில்லை என்று சொல்லு என அன்ரி கண்ணால்கூடக் காட்டவில்லை. கோப்பையைப் பிடித்தபடி, மகள் தன் பாட்டில் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

அவள் யோசித்தாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"ஆனால் எல்லாம் முடிந்துபோய்விட்டதே, மிஸ்."

என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் பிடி தளர்ந்தது. இங்கிலீஷ் எங்கோ போய்விட்டது. அவர் அந்தப் பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினார்.

"ஓம்" என்றார். "முடிஞ்சுது."